எந்த உடுப்போடு கடலில் இறங்குவது?

விடுமுறை நாளொன்றின் பின்னேரம் கிழக்கிலங்கையில் பாசிக்குடாவின் பொதுக் கடற்கரையில் நின்றால், ஒரே கடலுக்குள் பல உடைச் சட்டங்கள் நடைமுறையில் இருப்பதைக் காணலாம். கட்டைக் காற்சட்டையோடு, மேற்சட்டை இல்லாமல் ஆண்கள். சல்வாரின் ஷாலை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியபடி, அல்லது அபாயாவோடேயே, இடுப்பளவு நீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். சற்றுத் தள்ளி, ஹோட்டல்களுக்கு முன்னால், பிகினியில் நீந்தும் வெளிநாட்டவர். கடலுக்குள் வேலி கிடையாது; ஆனாலும் யார் எந்த உடுப்போடு எதுவரை போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹோட்டல் தடாகங்களில் வழக்கமாக இன்னொரு சட்டமும் பலகையில் எழுதியிருக்கும்: நீச்சல் உடை இல்லாமல் இறங்கக்கூடாது. கரையில் நம் பெண்கள் அணிந்து நிற்பதில் ஒன்றுகூட அந்தப் பலகையின் கணக்கில் நீச்சல் உடை அல்ல.

கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடி என்று கடலும் களப்பும் வாசல்வரை வரும் இந்த ஊர்களில், நீந்தத் தெரிந்த வளர்ந்த பெண்கள் அரிது. ஏன் என்று கேட்டால் நேரமில்லை, சொல்லித்தர ஆளில்லை, பயம் என்று பல காரணங்கள் வரும். உடுப்பு என்பதைக் கடைசியில், குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். என் பார்வையில் முதலில் வைக்க வேண்டிய காரணம் அதுதான். ஆசிரியரைத் தேடலாம், நேரத்தை ஒதுக்கலாம், பயத்தைத் தெளிய வைக்கலாம். எதை உடுத்திக்கொண்டு இறங்குவது என்பதற்கு விடை இல்லாவிட்டால் மற்ற எதுவும் தொடங்காது.

உலகில் நீச்சலுடைச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் ஏதோவொரு காரணத்துக்காகப் பிறந்தது. அந்தக் காரணத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான், சட்டம் யாருக்குப் பொருந்துகிறது, யாரைக் காரணமில்லாமலே கரையில் நிறுத்தி வைக்கிறது என்பது புலப்படும்.

போட்டி நீச்சலின் சட்டம் எல்லாவற்றிலும் துல்லியமானது. தடாகப் போட்டியில் ஆணின் உடை தொப்புளுக்கு மேலே ஏறவோ முழங்காலுக்குக் கீழே இறங்கவோ கூடாது. பெண்ணின் உடை கழுத்தை மூடக்கூடாது, தோளைத் தாண்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வரக்கூடாது. துணி, துணியாகவே இருக்க வேண்டும். றப்பர் போன்ற படலமாக இருக்கக்கூடாது. சிப் வைக்க முடியாது. தடிப்புக்கு 0.8 மில்லிமீற்றர் எல்லை, மிதக்க உதவும் விசைக்கு 0.5 நியூட்டன் எல்லை. ஒன்றாகவோ இரண்டு துண்டாகவோ ஒரே ஓர் உடைதான். அதன்மேல் வேறெதையும் போட முடியாது. 25 வயதை எட்டியவர்கள் ஐந்தைந்து வயதுப் பிரிவாகப் போட்டியிடும் மாஸ்டர்ஸ் நீச்சலுக்கும் உலக மட்டத்தில் இதே அளவுகோல்தான். அறுபது வயதில் ஒரு பெண் போட்டியில் இறங்க விரும்பினாலும் அவருடைய முழங்கால் தெரிந்தாக வேண்டும்.

இந்தச் சட்டம் 2010 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளின் கதை நீச்சல் உலகத்தையே கலக்கியது. 2008 பெப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்.இசட்.ஆர். ரேசர் என்ற உடையை அறிமுகப்படுத்தியது. தையல் நூலே இல்லாமல் ஒலியலையால் ஒட்டப்பட்ட மூட்டுகள், உடலை இறுக்கி வழுவழுப்பாக்கும் பொலியூரித்தேன் பட்டைகள். அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 25 உலக சாதனைகள் முறிந்தன. அவற்றில் 23 இந்த உடையில் நிகழ்ந்தவை. போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. முழுக்க முழுக்கப் பொலியூரித்தேனால் ஆன உடைகள் வந்தன. 2009 ரோம் உலக சம்பியன்ஷிப்பில் ஒரே போட்டித் தொடரில் 43 உலக சாதனைகள். அங்கே ஜேர்மனியின் பவுல் பீடர்மன் 200 மீற்றர் ஃபிரீஸ்டைலில் மைக்கல் பெல்ப்ஸை வென்றார். 1 நிமிடம் 42.00 செக்கன். பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த நேரத்தை எவரும் தொடவில்லை. நீந்துவது ஆளா, உடையா என்ற கேள்வி அந்தத் தடாகத்தருகிலேயே வெடித்தது. சர்வதேச நீச்சல் சம்மேளனத்தின் மாநாடும் ரோமில்தான் நடந்தது. 168க்கு 6 என்ற வாக்கில் அத்தகைய உடைகளுக்கு முடிவு கட்டப்பட்டது. அப்போது ஃபினா என்றிருந்த அந்தச் சம்மேளனம்தான் இன்று வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

அந்த முடிவு சரியானதே. காசுள்ள நாட்டின் நீச்சல் வீரருக்கு உடை மிதப்பும் வேகமும் கொடுக்க, இல்லாத நாட்டவர் வெறும் துணியோடு போட்டியிடுவது விளையாட்டல்ல. ஆனால் இந்தச் சட்டத்தின் இன்னொரு விளைவைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசியதில்லை. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடங்கி 2009 வரை, கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடலை மூடும் உடைகள் போட்டியில் சாதாரணமாகவே இருந்தன. இயன் தோர்ப் அத்தகைய கறுப்பு உடையில்தான் சிட்னியில் தங்கம் வென்றார். அந்தப் பத்தாண்டுக் காலம், உடலை மூடி நீந்த விரும்பிய ஒரு பெண் யாரிடமும் தனிச் சலுகை கேட்காமல், விளக்கம் சொல்லாமல், பக்கத்துத் தடத்தில் நீந்துபவளைப் போலவே தொடக்க மேடையில் ஏற முடிந்த காலம். 2010இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது. சாத்தியவர்கள் மதத்தையோ ஒழுக்கத்தையோ மனதில் கொண்டு அதைச் செய்யவில்லை. விவாதம் முழுக்க வேகத்தைப் பற்றியது. வேகத்தைத் தடுக்க எழுதிய சட்டம், வேகத்துக்காக அல்லாமல் உடலை மூடும் பெண்ணையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிட்டது.

சட்டத்தின் காரணத்தை எடுத்துப் பார்த்தால் இந்த முடிச்சு அவிழ்கிறது. இறுக்கமான படலம் நீரின் இழுவையைக் குறைக்கும். தளர்வான துணி இழுவையைக் கூட்டும். தளர்ந்த நீண்ட உடையில் நீந்துபவர் தனக்குத்தானே சுமை ஏற்றிக்கொள்கிறார்; அவரால் யாருக்கும் அநீதி இல்லை. இங்கிலாந்தின் நீச்சல் சங்கம் 2015இல் இதைப் புரிந்துகொண்டது. முஸ்லிம் பெண்கள் விளையாட்டு அமைப்பொன்றின் வேண்டுகோளை ஏற்று, மத நம்பிக்கையோ உடல்நிலையோ காரணமாக இருந்தால், முழு உடலையும் மூடும் தளர்வான துணி உடையோடு தன் அமெச்சூர் போட்டிகளில் இறங்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. படலம் போன்ற வேக உடைக்கு அங்கேயும் அனுமதியில்லை. எதைத் தடுக்க வேண்டுமோ அதை மட்டும் தடுக்கும் சட்டம் இப்படித்தான் இருக்கும்.

திறந்த நீர்ப் போட்டிகளில், அதாவது கடலிலும் ஏரியிலும் நடக்கும் நீண்ட தூர நீச்சலில், உடை கணுக்கால்வரை வரலாம் என்று உலகச் சம்மேளனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது; கழுத்துக்கும் கைக்கும்தான் தடை. கிழக்குக் கரைக்கு நெருக்கமானது இந்தச் சட்டம்தான், ஏனென்றால் நம் தடாகம் கடல். 2010 ஒக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீற்றர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பென் வெதுவெதுப்பான கடலிலே உயிரிழந்தார். அதன் பிறகு, நீர் 31 பாகைக்கு மேல் சுட்டால் போட்டி நடத்தக்கூடாது என்ற எல்லை வந்தது. குளிருக்காக அணியும் தடித்த வெட்சூட், நீர் 20 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் தடை. கல்குடாக் கடலின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆகவே இங்கே நீண்ட உடை என்று நான் பேசும்போதெல்லாம், தடித்த உடையைச் சொல்லவில்லை. மெல்லியது, வெப்பத்தைச் சிறைப்பிடிக்காதது.

காரணம் மாறியும் சட்டம் அப்படியே நிற்பதற்கு இன்னொரு சான்று ஆங்கிலக் கால்வாய். அங்கே நீந்துபவர் கையும் காலும் இல்லாத, வெப்பம் காக்காத சாதாரண நீச்சலுடை ஒன்று, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, உடம்பில் பூசிய கொழுப்பு இவற்றோடுதான் இறங்க வேண்டும். குளிரை உடம்பால் தாங்குவதே அந்த நீச்சலின் சவால் என்பதால் அங்கே அந்தச் சட்டம் நியாயமானது. 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைவரை பாக்கு நீரிணையை முதன்முதலாக நீந்திக் கடந்த மு. நவரத்தினசாமியும், 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தனும் நம் கடலின் பிள்ளைகள். ஆனந்தன் 1984 ஓகஸ்டில் அந்த ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரை விட்டார். வல்வெட்டித்துறையில் அவருடைய பெயரைச் சொன்னால் இன்றும் குரல் மாறும். பாக்கு நீரிணையில் சவால் குளிரல்ல. வெயிலும் ஜெலிமீனும் நீரோட்டமும். ஆனாலும் உலகமெங்கும் நெடுந்தூரக் கடல் நீச்சலுக்கு ஆங்கிலக் கால்வாயின் சட்டமே உரைகல்லாகிவிட்டது. வெயிலும் கொடுக்கும் உள்ள கடலுக்கு, குளிர்க் கடலின் சட்டம் எதற்கு என்று நாம் கேட்டதே இல்லை.

அவுஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்துக் கரையில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைத்திருக்கிறது. நவம்பர் முதல் மே வரை கொடிய பெட்டி ஜெலிமீன்கள் வரும் காலத்தில், கடலில் இறங்குபவர்கள் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் மெல்லிய லைக்ரா உடையை அணிகிறார்கள். அணியச் சொல்லி அரசும் உயிர்காப்போரும் அறிவுறுத்துகிறார்கள். அங்கே அந்த உடையைப் பார்த்து யாரும் மதத்தை நினைப்பதில்லை, பிற்போக்கு என்றும் நினைப்பதில்லை. கடல் கேட்டது, போட்டுக்கொண்டார்கள்.

நம் கரையில் பெண்கள் உண்மையில் எதை அணிந்து இறங்குகிறார்கள், அது நீரில் என்ன செய்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். நனைந்த துணி பாரமாகி ஆளை அடிக்கு இழுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. துணிக்குள் இருக்கும் நீரைச் சுற்றியுள்ள நீரே தாங்கிக்கொள்ளும். நீருக்குள் அந்தப் பாரம் ஏறத்தாழ இல்லை. ஆபத்து வேறிடத்தில். சல்வாரோடு கழுத்தளவு நீருக்குப் போகும் பெண்ணைக் கவனியுங்கள். முதலில் மேற்சட்டைக்குள் காற்று அடைபட்டு, துணி உப்பி மேலே எழும். அது மார்பைத் தாண்டி முகத்துக்கு வரும். வயிறு தெரிந்துவிடும் என்ற பதற்றமும் கூடவே வரும். இரு கைகளும் உடனே துணியைக் கீழே அமர்த்தப் போகின்றன. நீந்துவதற்கும் மிதப்பதற்கும் தேவையான கைகள் அவை. அடுத்த அலையில் காற்று வெளியேற, துணி தொடைகளோடு ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். தவளை போல் காலை அகட்டி உதைக்க நினைத்தால் பாவாடையும் அபாயாவும் சேலையும் விடாது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. காற்றில் ஒரு பொருட்டே இல்லாத துணி மடிப்பு நீரில் ஒவ்வோர் உதைப்பையும் பிடித்து நிறுத்தும். இடுப்பில் கட்டிய ஷால் அவிழ்ந்தால் அது யாருடைய கையைச் சுற்றும், யாருடைய கழுத்தைச் சுற்றும் என்று சொல்ல முடியாது.

பாரம் வருவது கரையேறும்போது. தோணியின் விளிம்பைப் பிடித்து ஏற முயலும் பெண்ணோடு, துணிக்குள் தேங்கிய நீரும் காற்றுக்குள் வருகிறது. அப்போதுதான் அது நிறையாகிறது. பருத்தி இங்கே மிக மோசம். ஈரக்காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை உறிஞ்சும் இயல்பு அதற்கு. பொலியெஸ்டருக்கு அது அரை விழுக்காடுகூட இல்லை. தடாகங்கள் பருத்தி உடுப்பை விலக்குவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பருத்தி நூல்கள் பிரிந்து வடிகட்டியில் சேரும். துணியோடு வந்த தூசியும் வியர்வையும் குளோரினைத் தின்னும். பிரான்சின் பொதுத் தடாகங்களில் ஆண்கள் தொளதொளத்த காற்சட்டையோடு இறங்கவே முடியாது. வெளியில் போட்டுத் திரிந்த அழுக்கோடு வருவார்கள் என்பது அங்கே சொல்லப்படும் சுகாதாரக் காரணம். துணியைப் பற்றிய காரணங்கள் இவை, ஏற்கத்தக்கவை. நீளத்தைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நைலோனில் தைத்த உடை முழங்கால்வரை வந்தாலும் கணுக்கால்வரை வந்தாலும் வடிகட்டிக்கு ஒன்றுதான். ஆனால் ‘நீச்சல் உடை மட்டும்’ என்ற பலகை இரண்டையும் குழப்பிவிடுகிறது. காவலுக்கு நிற்பவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறார்.

பாசிக்குடாவில் இந்தக் குறைகள் வெளியே தெரிவதில்லை. பவளப்பாறை காக்கும் குடா அது; வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாது. எந்த உடுப்போடும் நிற்கலாம், நனையலாம், சிரித்துவிட்டு வரலாம். குளிப்பதற்கு அது போதும். அந்தப் பழக்கத்தோடு கல்குடாவின் திறந்த கரைக்கோ, மாரிக் காலத்தில் வாவியின் முகத்துவாரத்துக்கோ போகும்போதுதான், குளிக்கும் உடுப்புக்கும் நீந்தும் உடுப்புக்கும் உள்ள தூரம் உயிர்த் தூரமாகிறது.

2004 டிசெம்பர் 26 காலை வந்த சுனாமி அந்தத் தூரத்தை இந்தக் கரை முழுவதும் அளந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, மட்டக்களப்புக் கரையில் அலை வந்தது பெண்கள் வழக்கமாகக் கடலில் குளிக்கும் வேளை என்று குறிப்பிட்டது. அயல் மாவட்டமான அம்பாறையின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் செய்யப்பட்ட ஆய்வொன்றில் ஆண்களின் இறப்பு விகிதம் 8.2 விழுக்காடு, பெண்களினது 17.5 விழுக்காடு. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்கள் இறந்தபோது 391 பெண்கள் இறந்தார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே பெசார் மாவட்டத்தில் கணக்கெடுத்த நான்கு ஊர்களில் உயிர் தப்பிய 676 பேரில் பெண்கள் 189 பேர் மட்டுமே.

இந்த எண்களுக்கு உடுப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்கள் வீட்டிலிருந்தார்கள், பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள், ஒரு கையில் குழந்தை, மறு கையில் முதியவர். மரமேறவும் நீந்தவும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் ஊர் விட்டிருந்தது. பேரலையில் கைதேர்ந்த நீச்சல்காரரும் தோற்றிருப்பார்கள் என்பதும் மெய்யே. ஆனால் நீர் வடிந்த பிறகு களப்பிலும் கிணற்றுப் பள்ளங்களிலும் மிதந்து தப்பியவர்கள் இருக்கிறார்கள். மிதக்கத் தெரிந்திருந்தால், கால் கட்டுண்டிருக்காவிட்டால், இன்னும் எத்தனை பேர் என்ற எண்ணம் இந்தக் கரையில் வளர்ந்த எவரையும் விட்டுப் போவதில்லை. என்னையும் விடவில்லை.

இனி, பார்ப்பவர் கண்களின் காரணம். எந்த ஊரிலும் நீச்சலுடைச் சட்டத்தில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான். இதை நம் சமூகத்துக்கு மட்டும் உரியதாக எண்ணுவது தவறு. 1907இல் சிட்னியின் கடற்கரை நகரசபைகள், ஆண்களும்கூட இடுப்புக்குக் கீழே பாவாடை போன்ற மறைப்புள்ள குளியலுடை அணிய வேண்டுமென்று விதி கொண்டுவரப் பார்த்தன. பொண்டாய் கரையில் ஆண்கள் பெண்களின் பாவாடைகளைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போய் அதை முறியடித்தார்கள். அதைவிட நமக்கு நெருக்கமான கதை ரோஸ் ஸ்கொட்டுடையது. பெண்களின் வாக்குரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர் அவர். நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் தலைவியாகவும் இருந்தார். ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக்கூடாது என்பது அவருடைய சங்கத்தின் விதி. 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு நீச்சல் சேர்க்கப்பட்டபோது, ஃபனி டூராக், மினா வைலி என்ற இரு இளம்பெண்களை அனுப்ப வேண்டுமென்று நாடே கேட்டது. விதி தளர்ந்தது, ஸ்கொட் பதவி விலகினார். டூராக் தங்கமும் வைலி வெள்ளியும் கொண்டுவந்தார்கள். இதில் ஸ்கொட்டை வில்லியாக்க எனக்கு மனமில்லை. பெண்கள் பயமின்றி நீந்த ஓர் இடம் வேண்டும் என்ற அவருடைய கவலை நியாயமானது. அந்த இடத்துக்கு வெளியே போக விரும்பியவளையும் அதே விதியால் கட்டிப்போட்டதுதான் பிழை. இன்றும் சிட்னியின் கூஜிக் கரையில் மெக்ஐவர்ஸ் என்ற பெண்கள் மட்டும் நீந்தும் கடல் தடாகம் இருக்கிறது. பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கும் உண்டு. பக்கத்திலேயே எல்லோரும் நீந்தும் கரையும் இருக்கிறது. தேர்வு பெண்ணினுடையது.

கண்களின் காரணத்தை எதிர்ப்பக்கம் இழுத்தாலும் இதே கட்டுத்தான். 2016 கோடையில் பிரான்சின் கான், நீஸ் போன்ற நகரங்கள் உடலை மூடும் புர்கினியைக் கடற்கரையில் தடைசெய்தன. ஓகஸ்ட் 26 ஆம் திகதி அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அத்தகையதொரு தடையை இடைநிறுத்தியது. ஒரு கரையில் மூடாததற்காகவும் இன்னொரு கரையில் மூடியதற்காகவும் பெண்தான் நீரைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். அந்த உடையை 2004இல் உருவாக்கியவர் லெபனானில் பிறந்து சிட்னியில் வளர்ந்த அஹேடா சனெட்டி. 2005 டிசெம்பரில் அந்நகரின் குரனல்லாக் கடற்கரையில் இனக் கலவரம் வெடித்த பிறகு, முஸ்லிம் இளைஞர்களைக் கடற்கரை உயிர்காப்போராகப் பயிற்றும் திட்டம் அங்கே வந்தது. மக்கா லாலா என்ற இளம்பெண் 2007இல் உயிர்காப்போரின் மஞ்சள் சிவப்பு நிறத்திலேயே தைத்த அந்த உடையோடு கடமைக்கு வந்தார். நீந்த முடியுமா என்று கேட்கப்பட்ட உடுப்போடு அவர் மற்றவர்களைக் காப்பாற்றும் தகுதி பெற்றார்.

‘எங்கள் வழக்கம்’ என்று நம் ஊரில் சொல்லும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் பாட்டிமார் ஆற்றுப் படியிலும் கிணற்றடியிலும் குறுக்குக்கட்டோடுதான் குளித்தார்கள். தோளும் கையும் முழங்காலுக்குக் கீழும் திறந்த ஒற்றைத் துணி. அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதும் வழக்கமாக இருந்தது. படித்துறையில் பெண்கள் நிற்கிறார்கள் என்றால் ஆண்கள் சுற்று வழியால் போவார்கள். இன்று அந்தப் பெண்களின் பேத்திமார் மணிக்கட்டுவரை மூடிக்கொண்டும் கடலுக்குள் இறங்கத் தயங்குகிறார்கள். மாறியது பெண்களின் உடுப்பு மட்டுமல்ல. ஒதுங்கிப் போகும் ஆண்களின் மரியாதையும் மாறியது; கரை முழுவதும் கைத்தொலைபேசிக் கமராக்கள் வந்தன. வழக்கத்தின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பாதியையும் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறோம்.

மாலைதீவு இதற்கு எல்லை பிரித்துத் தீர்வு கண்டது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் வந்த பிறகு, வெளிநாட்டவருக்கென்று தட்டி மறைத்த ‘பிகினி பீச்’ ஒதுக்கப்பட்டது; மற்ற இடங்களில் மூடி நடக்க வேண்டும். சண்டை குறைந்தது உண்மை. ஆனால் அது விருந்தாளியின் உடைக்கு மட்டுமே விடை. உள்ளூர்ப் பெண் எதை அணிந்து நீந்துவாள் என்ற கேள்வி அந்தத் தட்டிக்கு வெளியே அப்படியே நிற்கிறது. பாசிக்குடாவின் ஹோட்டல் வரிசையைப் பற்றி எழும் முணுமுணுப்புகளும் பெரும்பாலும் வெள்ளைக்காரியின் உடுப்போடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் அக்கறை குறைவு. அவருக்கு நீந்தத் தெரியும்.

விடை தேடியவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு தென்கரையின் வெலிகமவில் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற பெண்மணி, பெண்களுக்கு இலவசமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கிழக்கில் அறுகம்பையில் 2018இல் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. நீண்ட கை மேலாடையும் கணுக்கால்வரை இறுகிய காற்சட்டையும் அங்கே பழகிய உடுப்பு. கடலுக்கு அப்பால், சன்சிபாரில் பஞ்சே திட்டம் என்ற முயற்சியில் முஸ்லிம் சிறுமிகளும் பெண்களும் உடல் மூடும் நீச்சலுடையோடு மிதக்கப் பழகுகிறார்கள். உடுப்புச் சிக்கல் தீர்ந்தால் பெற்றோரும் கணவன்மாரும் சரி என்பது எளிதாகும்.

கல்குடாவுக்குப் பொருந்தும் உடுப்பு எப்படியிருக்க வேண்டும் என்பதில் மர்மம் எதுவுமில்லை. நைலோனோ பொலியெஸ்டரோ லைக்ரா கலந்த மெல்லிய துணி. கை மணிக்கட்டுவரை, கால் கணுக்கால்வரை, இரண்டும் ஓரத்தில் பிடித்து நிற்க வேண்டும். நீர் உள்ளே புகுந்து உப்பக்கூடாது. மேற்சட்டை தொடையின் பாதிவரை வரலாம். ஆனால் அது உள்ளேயிருக்கும் காற்சட்டையோடு இடுப்பில் நாடாவாலோ கொக்கியாலோ இணைந்திருக்க வேண்டும், மேலே எழும்பாமல். இந்த ஓர் இணைப்பு இருந்தால் கைகள் இரண்டும் விடுதலையாகும். தலைமறைப்பு வேண்டுமென்பவருக்கு அது உடையோடு தைத்ததாக இருக்கட்டும். ஊசி குத்திய துணி வேண்டாம், தனி ஷால் வேண்டவே வேண்டாம். நிறம் கடும் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆனால் கரையிலிருந்து உயிர்காப்பவர் கண்ணுக்குப் படும். கறுப்பும் கடுநீலமும் கடலில் மறைந்துவிடும். வெயிலுக்கும் ஜெலிமீனுக்கும் இதுவே கவசம். உடம்பில் பூசும் வெயில் களிம்பும் குறையும். இந்தக் கரையிலுள்ள காயங்கேணிப் பவளப்பாறைக்கு அதுவும் நல்லது.

இந்த உடுப்புக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. இலங்கை உலகத்துக்கே நீச்சலுடை தைக்கும் நாடு. ஹங்வெல்லைக்கு அருகில் இயங்கும் லீனியா அக்குவா, ஸ்பீடோவின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி அந்த நிறுவனத்தின் உடைகளைத் தயாரித்து அனுப்பும் தொழிற்சாலை. கிழக்கின் ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் நாள் முழுக்க மெஷினில் குனிந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனில் தங்களுக்கான ஒரு கடல் உடுப்பு இன்னும் உருவாகவில்லை. வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் தையற்கடை வைத்திருக்கும் பெண்களுக்கு ஒரு மாதிரி வெட்டுத்தாளும் தகுந்த துணியும் கிடைத்தால், நான்கு நூல் ஓவர்லொக் மெஷினே இதைத் தைத்து முடிக்கும்.

கூடவே இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். கோறளைப்பற்றுப் பிரதேச சபை பொதுக் கரையில் வாரத்தில் சில காலை நேரங்களைப் பெண்களுக்கென்று ஒதுக்கலாம். அந்த நேரத்தில் பெண் பயிற்றுநரும் பெண் உயிர்காப்பாளரும் நிற்க, கமரா தடைசெய்யப்பட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் இதற்குப் போதும். அந்த நேரத்துக்கு வெளியே நீந்த விரும்பும் பெண்ணை அதே சபை தடுக்கவும் கூடாது. ரோஸ் ஸ்கொட்டின் சங்கம் செய்த பிழையை நாம் நூறாண்டு கழித்துத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஹோட்டல்களும் கழகங்களும் தங்கள் பலகையைத் திருத்தி எழுத வேண்டும். ‘பருத்தி உடுப்போடும் வெளியில் அணிந்த உடுப்போடும் இறங்கக்கூடாது, நீச்சல் துணியில் தைத்த உடை எந்த நீளத்திலும் ஏற்கப்படும், தனி ஷாலும் ஊசியும் அனுமதியில்லை’ என்று மூன்று மொழியிலும் எழுதினால், வாசலில் நிற்கும் காவலருக்கும் எதைப் பார்க்க வேண்டுமென்று தெரியும், உள்ளே வரும் பெண்ணுக்கும் எதை வாங்க வேண்டுமென்று தெரியும்.